நாலு டிகிரி

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவது மெதுவாகத்தான் வரும். எங்கள் முதியோர் சங்கத்தில் ஆளுக்கொன்று எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் கல்யாணத்தை எழுதினார்கள், புயலை எழுதினார்கள். எனக்கு எழுத ஒரு மார்கழி மாதம்தான் இருக்கிறது. நல்லதாக அதில் ஒன்றும் நடக்கவில்லை. படிக்கப்போவது நம் வயசுக்காரர்கள் என்பதால் எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் இதற்கா இவ்வளவு என்று கேட்பார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வீடு. சுற்றி எல்லாம் மீன்பிடிக்கிற வீடுகள். எங்கள் வீட்டில் மட்டும் சுண்ணாம்பு. இரண்டு காளவாய் இருந்தன. ஆள் உயரத்துக்குச் செங்கல்லால் கட்டிய உருண்டை அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பங்கழியிலிருந்து வாரிய கிளிஞ்சல் கால்வாயில் படகில் வரும். அதைக் கழுவிக் காயவைத்து, கரி ஒரு வரிசை, கிளிஞ்சல் ஒரு வரிசை என்று அடுக்கித் தீ வைப்பார் அப்பா. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். எழுதும்போது அப்பா என்றே வருகிறது.

வெந்த கிளிஞ்சல் வடிவம் மாறாது. மேலே இருக்கிற வரிகூட அழியாது. எடை மட்டும் போய்விடும். கையில் எடுத்தால் முட்டை ஓடு மாதிரி இருக்கும். வெந்ததா வேகாததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தண்ணீர் பட்டால்தான் தெரியும். வெந்தது சீறும், பிளக்கும், ஆவி விட்டு மாவாக உதிரும். அந்த ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. இப்போதும் எங்காவது வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

தேங்காய் எண்ணெய் தடவாமல் சுண்ணாம்பைத் தொடக்கூடாது. தடவினாலும் பிரயோஜனம் இல்லை. அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் எப்போதும் வெடித்திருக்கும். குழம்பு பட்டால் முகம் சுருங்கும். வாயால் சொல்லமாட்டாள்.

அப்பாவிடம் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. உள்ளே வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு தடவை காளவாய் இறக்கும்போதும் அதில் தண்ணீர் ஊற்றி ஒரு கிளிஞ்சலைப் போட்டு எண்ணுவார். ஐந்து எண்ணுவதற்குள் சீறினால் நல்ல சுண்ணாம்பு. பத்து ஆனால் தனியே வைத்துவிடுவார், யாருக்கும் தரமாட்டார். பிறகு சிரட்டையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் முகம் தெளியும். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

அம்மாவுக்கு வேறொரு வழக்கம். அவள் பிறந்த வீடும் காளவாய் வீடுதான். அவளுடைய தம்பி, என் மாமன், சின்ன வயதில் சுண்ணாம்பு தெறித்து ஒரு கண்ணை இழந்தவர். அதிலிருந்து அவர்கள் வீட்டில், ஒரு புது வேலைக்கு முதல் முதலாகச் சுண்ணாம்பு போகும்போது அதன் கோபத்தைத் தணித்துத்தான் அனுப்புவார்கள். வீட்டுப் பெண் குழந்தை மூன்று கை மஞ்சள் தண்ணீர் எடுத்து மேலே தெளிக்க வேண்டும். அந்த வேலை எங்கள் வீட்டில் எனக்கு. வண்டி நிறையக் கிடக்கும் வெள்ளைக் குவியலின் மேல் மூன்று கை தெளிப்பேன். ஒரு மூலையில் புஸ் என்று ஆவி எழும்பும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வண்டி போகும். வண்டிச் சுண்ணாம்புக்கு அந்த மூன்று கைத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை.

என் அண்ணன் செங்கல்பட்டில் விடுதியில் தங்கிப் படித்தான். அப்போது பதினொன்றாவதுதான் பள்ளியில் கடைசி வகுப்பு. எங்கள் தெருவில் அதுவரை போனவன் அவன் ஒருவன்தான். லீவுக்கு வந்தால் காளவாய் பக்கம் உட்கார்ந்து அப்பாவிடம் பாடத்தைச் சொல்வான். அப்பா கரியைத் தட்டிக்கொண்டே கேட்பார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தபோது, சூட்டை எடை போட முடியும் என்று சொன்னான். அவர்கள் பௌதிக வாத்தியார் ஒரு செம்புக் குவளையில் செய்து காட்டினாராம்.

"அதுக்கு இன்னாடா தராசு?" என்றார் அப்பா.

"தண்ணிதான் தராசு நைனா. எவ்ளோ தண்ணி, எவ்ளோ சுண்ணாம்பு, தண்ணி எத்தினி டிகிரி ஏறிச்சு. இது மூணும் தெரிஞ்சா போதும், எவ்ளோ சூடு வந்துச்சுன்னு கணக்குல சொல்லிடலாம்."

அப்பா கரியைத் தட்டுவதை நிறுத்தினார். பிறகு, "நான் செரட்டையில பண்றத உங்க வாத்தியார் செம்புல பண்றாரு, அவ்ளோதான?" என்றார். அண்ணன் சிரித்தான். அவரும் சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பள்ளியில் புதிதாகச் சோதனைக்கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது. மேலே தளம் போடச் சுண்ணாம்பு வேண்டும். நமக்குத் தெரியும், அப்போதெல்லாம் தளத்துக்குச் சுண்ணாம்பும் ஜல்லியும் கடுக்காய்த் தண்ணீரும்தான். உள்ளூர் வியாபாரி ஒருவர் கல் சுண்ணாம்பு தருவதாக இருந்தது. அண்ணன் வாத்தியாரிடம் போய், எங்கள் வீட்டுச் சுண்ணாம்பையும் சோதித்துப் பாருங்கள் சார், எது சூடு அதிகமோ அதை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறான். வகுப்புக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறான். வாத்தியாருக்கும் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாடமும் ஆச்சு, பள்ளிக்கு நல்ல சுண்ணாம்பும் ஆச்சு என்று ஒரு நாள் குறித்துவிட்டார். அண்ணன் கடிதம் போட்டான்.

கடிதத்தை நான்தான் படித்தேன். அப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று மட்டும் அம்மாவிடம், "எம்புள்ள படிச்ச எடத்துல, தலைக்கு மேல என் சுண்ணாம்பு இருக்கணும். அவன் போயிட்டாலும் அது இருக்கும்" என்றார்.

அதற்காகவே ஒரு காளவாய் தனியாக அடுக்கினார். கிளிஞ்சலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். உடைந்தது, பாசி பிடித்தது எல்லாம் ஒதுக்கினார். நானும் கூட உட்கார்ந்து பொறுக்கினேன். இறக்கினபோது சிரட்டையில் போட்டுப் பார்த்தார். இரண்டு எண்ணுவதற்குள் சீறிற்று. மறுபடி போட்டார், மறுபடி இரண்டு. ஒரு பால்பவுடர் டப்பாவைத் துடைத்து, முழுக் கிளிஞ்சலாகப் பார்த்து நிரப்பி மூடி போட்டார். சோதனைக்கு அது போதும் என்று கடிதத்தில் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போகணும். அண்ணனைப் பார்க்க என்னையும் கூட்டிப்போகிறேன் என்றார். மார்கழிப் பனி. கடல் காற்று வேறு. அப்பா முன்னால் ரோட்டுக்குப் போய்விட்டார், பஸ்ஸை நிறுத்தி வைக்க. அம்மா என்னை வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"தணிச்சியாடி?"

இல்லை என்றேன்.

"புது வேலைக்குப் போவுது. கோவத்தோட வூட்ட வுட்டு அனுப்பாத. வாத்தியாரு மூஞ்சில தெறிச்சா இன்னா பண்ணுவ?"

சொம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்தாள். டப்பாவைத் திறந்தேன். எப்போதும் போல மூன்று கை தெளித்தேன். வண்டிக்கு மூன்று கை. டப்பாவுக்கும் மூன்று கை. எனக்கு வேறு அளவு தெரியாது. அம்மாவுக்கும் தோன்றவில்லை. மேலே இருந்த கிளிஞ்சல்கள் சீறின. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூடியை வைத்து, சாக்குத் துணி சுற்றி, ஓடினேன்.

பஸ்ஸில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. திருக்கழுக்குன்றம் வருகிறவரை பனிக்காற்று முகத்தில் அடித்தது. அப்பா துண்டால் காதைக் கட்டிக்கொண்டார். எதிர் சீட்டில் ஒரு கிழவர் நடுங்கிக்கொண்டே வந்தார். டப்பா என் மடியில் இருந்தது. அது மெல்ல மெல்லச் சூடாகிற்று. முதலில் தூங்கி எழுந்த பூனை மாதிரி, பிறகு அடுப்பிலிருந்து இறக்கின சோற்றுப்பானை மாதிரி. நான் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். ஒரு தடவை மூடி லேசாக மேலே தள்ளிற்று. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். செங்கல்பட்டு வந்தபோது டப்பா ஆறியிருந்தது.

அப்பா வகுப்புக்குள் வரவில்லை. வாத்தியார் கூப்பிட்டார். கால் முழுக்கச் சாம்பலும் மண்ணும் என்று ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். நான்தான் டப்பாவை உள்ளே எடுத்துப்போனேன். அண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தான். தலை வாரி எண்ணெய் வழிந்தது. பெஞ்சு பெஞ்சாகப் பையன்கள். ஓரத்தில் வியாபாரியின் கணக்கப்பிள்ளை ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேசை மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சு திணித்து, நடுவில் ஒரு செம்புக் குவளை. பஞ்சு எதற்கு என்று வாத்தியாரே சொன்னார். வருகிற சூடு ஒரு துளி வெளியே போகக்கூடாதாம். போனால் கணக்கு தப்பாகிவிடுமாம். நல்ல மனிதர். வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

முதலில் வியாபாரியின் சுண்ணாம்பு. கட்டி கட்டியாக இருந்தது. பியூன் அதை உரலில் இடித்துக் கொடுத்தார். பத்து கிராம் நிறுத்தார்கள். குவளையில் இருநூறு கிராம் தண்ணீர். வெப்பமானியைப் பார்த்துச் சொல்ல அண்ணனை நிற்க வைத்திருந்தார். அண்ணன் இருபத்தாறு என்றான். சுண்ணாம்பைக் கொட்டி, செம்புக் கம்பியால் கலக்கினார்கள். அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். முப்பது, முப்பத்துமூன்று, முப்பத்தாறு. முப்பத்தேழில் நின்றது. பதினோரு டிகிரி. வாத்தியார் போர்டில் எழுதினார். தண்ணீர் இருநூறு, குவளை வாங்கிக்கொள்கிற சூட்டுக்காக இன்னும் பத்து, ஆக இருநூற்றுப்பத்து. அதைப் பதினொன்றால் பெருக்கி, 2310 என்று கட்டம் போட்டார்.

பிறகு எங்கள் டப்பா. அண்ணன்தான் மூடியைத் திறந்தான்.

மேலே வெள்ளை வெளேரென்று மாவு.

அவன் முகத்தை நான் பார்த்தேன். காளவாய் வீட்டுப் பிள்ளைக்கு அது என்ன என்று தெரியும். நாள்பட்ட சுண்ணாம்பு காற்று பட்டுப் பட்டு அப்படித்தான் மாவாக உதிரும். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான். அப்பா வெளியே கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக நின்றிருந்தார். அங்கிருந்து அவருக்கு மேசை தெரியாது.

"நல்ல பொடியா இருக்கே, இடிக்க வேண்டாம்" என்று சொல்லி வாத்தியார் கரண்டியால் மேலே இருந்ததை எடுத்தார். பத்து கிராம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடியில் கைவிட்டிருந்தால் முழுக் கிளிஞ்சல் கிடைத்திருக்கும். நான் வாய் திறந்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் தெளித்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தெரியவே தெரியாது. தெளிப்பது நல்லதற்கு என்றுதான் தெரியும்.

இருபத்தாறு என்றான் அண்ணன். கொட்டிக் கலக்கினார்கள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. அப்புறம் அவன் பேசவில்லை.

"இன்னும் பாரு" என்றார் வாத்தியார்.

அவன் குனிந்து பார்த்தான்.

"முப்பதுதான் சார். நாலு டிகிரி."

அவர் நல்ல மனிதர் என்று சொன்னேன். குவளையைக் கழுவி, மறுபடி தண்ணீர் அளந்து, மறுபடி செய்தார். மறுபடியும் மேலிருந்துதான் எடுத்தார். மறுபடியும் நாலு. போர்டில் 840 என்று எழுதினார். பக்கத்தில் 2310. சின்னப்பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு.

கணக்கப்பிள்ளை எழுந்தார். "அண்ணாத்த, இதுல தளம் போட முடியாது. கொழந்தையக் குளிப்பாட்டினா மேலுக்குப் பூசலாம், சுடாது" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் அதட்டினார். அடக்க முடியாமல் இன்னும் சிரித்தார்கள்.

வாத்தியார் வெளியே வந்து அப்பாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார். கோபித்துக்கொள்ள வேண்டாம், சுண்ணாம்பு பழசாகிவிட்டது போல என்றார். அப்பா, நேற்று இறக்கினதுங்க என்றார்.

"நேத்தா போன மாசமான்னு வெப்பமானிக்குத் தெரியாதுங்க. அது இருக்கிற சூட்டைத்தான் சொல்லும்."

அப்பா கும்பிட்டார். டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தார். திறந்து பார்க்கவில்லை.

பள்ளி வாசல் வரைக்கும் அண்ணன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏன் நைனா பழசப் போட்டுக் குடுத்த?"

"புதுசுடா."

"நான் பாத்தேன். மாவாக் கீது. எல்லார் எதுருலயும் உன் சுண்ணாம்பு தான் ஒசத்தின்னு சொல்லியிருந்தேன்."

"நேத்து எறக்கினேன். செரட்டையில ரெண்டுக்கு சீறிச்சு. உன் தங்கச்சியக் கேளு."

"செரட்ட இன்னா வேணா சொல்லும். டிகிரி பொய் சொல்லாது."

அண்ணன் திரும்பி உள்ளே போனான். அவனுக்காக அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு என் பையிலேயே இருந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அப்பா கொளவாய் ஏரிக்கரைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருந்தது. தூரத்தில் ரயில் போயிற்று. கரையில் நின்று டப்பாவைத் திறந்து, பார்க்காமலே தண்ணீரில் கவிழ்த்தார்.

முதலில் மாவு மிதந்தது. வெள்ளையாகப் பரவிற்று. பிறகு அடியில் இருந்த கிளிஞ்சல்கள் விழுந்தன. விழுந்ததும் சீறின. ஒவ்வொன்றாகப் பிளந்தன. கரையோரத் தண்ணீர் உலைபோலக் கொதித்தது. ஆவி எழும்பி எங்கள் முகத்தில் பட்டது. சின்ன மீன் ஒன்று வயிறு தெரிய மேலே வந்தது.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலி டப்பாவின் உள்பக்கத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு படாத விளிம்பில் மஞ்சள் கறை இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெளிச்சியா கண்ணு?"

"தெளிச்சேன் நைனா."

"எவ்ளோ?"

"மூணு கை."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வெகுநேரம் ஆவி அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அண்ணனிடம் போய்ச் சொல்லலாம் என்றேன். காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவரே ஏரியில் போட்டுவிட்டார். நாளைக்கு வேறு டப்பா கொண்டுவரலாம் என்றேன். வழியில் யாரிடமோ வாங்கினது என்பார்கள் என்றார்.

"சொன்னா உன்னத்தான் பேசுவான். உங்கம்மாவப் பேசுவான். நாப்பது பசங்க எதுருல சிரிப்பாங்க, மஞ்சத்தண்ணி தெளிச்ச வூடுன்னு. என்னையே பேசிட்டுப் போகட்டும். யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டயும்."

சரி என்றேன். பதினோரு வயது. சரி என்று சொன்னால் சரிதான்.

வீட்டில் அம்மா கேட்டாள், எடுத்துக்கொண்டார்களா என்று. வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்றார் அப்பா. அம்மா, தணிச்சு அனுப்பினோமே என்று மட்டும் முனகினாள். காலிச் சிரட்டை காளவாய் ஓரத்தில் கிடந்தது. அதன்பிறகு அப்பா அதில் போட்டுப் பார்த்து நான் பார்க்கவில்லை. கரிக்கூடைக்கு அடியில் போய், ஒரு மழையில் காணாமல் போயிற்று.

அடுத்த தடவை வண்டி கிளம்பியபோது அம்மா என்னைக் கூப்பிட்டாள். சொம்பை வாங்கினேன். அவள் திரும்பின நேரம் பார்த்து, நனைக்காத கையை மூன்று தடவை வீசினேன். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். யாருக்கும் எதுவும் தெறிக்கவில்லை. நான் தெளித்த காலத்திலும் தெறித்ததில்லை.

பள்ளியில் அண்ணனுக்கு நாலு டிகிரி என்று பேர் வைத்துவிட்டார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்களாம். இதெல்லாம் அவனோடு படித்த ஒருவர் பின்னால் சொன்னது. பொங்கலுக்கு அவன் வரவில்லை. பரீட்சை முடிந்து ஒரு நாள் வந்தான். தன் பெட்டியை எடுத்தான். அப்பா காளவாய் மேல் இருந்தார். இறங்கி வருவதற்குள் அவன் ரோட்டுக்குப் போய்விட்டான். வடக்கே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அந்த வருஷத்தோடு நானும் பள்ளிக்குப் போகவில்லை. காளவாய்க்கு ஆள் வேண்டியிருந்தது.

அண்ணன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவான். நான் படிப்பேன். அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் நானே எழுதுவேன். நீல நிறத்தில் மடிக்கிற கடிதம், நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவன் கடிதத்தில் எல்லாரும் நலமா என்று இருக்கும், நைனா நலமா என்று இருக்காது. என் பதிலில் அடியில் எப்போதும் கொஞ்சம் இடம் மிஞ்சும். மூன்று வரி எழுதியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைப் பார்ப்பேன். மடித்து ஒட்டிவிடுவேன்.

அப்பாவைப் பார்த்து ரோஷக்காரர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். அண்ணனைக் கல்நெஞ்சன் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அப்பா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பையனை விட்டார். அவர் பெண் அவ்வளவு பலவீனமானவள் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பது பேர் சிரித்திருந்தால் நான் ஒரு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதான்.

சிமெண்டு வந்தபிறகு காளவாயை இடித்தோம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள். அவள் ஒன்பதாவது படிக்கிறபோது சத்தம் போட்டுப் பாடம் படிப்பாள். ஒரு நாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூடான பொருள் இழந்த வெப்பமும் குளிர்ந்த பொருள் பெற்ற வெப்பமும் சமம் என்று படித்தாள். செம்புக் குவளை, பஞ்சு, எல்லாம் அந்தப் புத்தகத்தில் படமாக இருந்தது. கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

குவளையில் போடுவதற்கு முன்பே வழியில் கொஞ்சம் சூடு போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் கணக்குல வராதும்மா. எங்கயும் போவலன்னு வெச்சிக்குவாங்க" என்றாள்.

அப்பா இறந்தபோது அண்ணன் வந்தான். தலை நரைத்திருந்தது. எல்லாக் காரியமும் குறையில்லாமல் செய்தான். பதினாறாம் நாள் சாயங்காலம் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லாதே என்றவர் போய்விட்டார். சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

அப்பா கேட்டதையே அவனும் கேட்டான்.

"எவ்ளோ தண்ணி?"

"மூணு கை."

தன் கையை விரித்துப் பார்த்தான். பிறகு என் கையை வாங்கி விரித்துப் பார்த்தான். ஐம்பது தாண்டின கை. அதை விட்டுவிட்டு ஈர மணலில் விரலால் எழுதினான். 2310. கீழே 840. கழித்து, 1470 என்று எழுதினான்.

"நைனாக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். ஏரிக்கரையில."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூடி தொறந்தப்பவே பாத்தேன். அடியில கைய வுட்டிருக்கணும். காளவாய்க்காரன் புள்ள நானு."

இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அலை வந்து எண்களை அழித்துவிட்டுப் போயிற்று. அவன் எழுந்து வேட்டியிலிருந்து மணலைத் தட்டினான். அந்த ஆயிரத்து நானூற்று எழுபதும் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்டான். கேள்வி மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி.

எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. அன்று காலை பஸ்ஸில் எல்லாரும் நடுங்கினார்கள். எனக்கு மட்டும் குளிரவில்லை.